மனக்கணக்கும் மனச்சாட்சியும்

கேழ்வரகு விளைந்த ஒசூர் எல்லைப்புறத்து நிலங்களை இன்று சென்ட் சென்டாக அளக்கிறார்கள். 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் இங்குத் தொழிற்பேட்டை அமைத்தபின் மண்ணின் மதிப்பு ஏறிற்று; பாகப்பிரிவினையில் மனத்தாங்கலும் ஏறிற்று.

சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் நம்மை நாடி வந்தனர். இறந்தவருக்குத் தாய், தந்தை, மனைவி, இரு பெண்மக்கள். நிலம் 54 சென்ட். கைப்பேசியைத் தட்டினோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, ஆறேமுக்கால் சென்ட். அந்தக் கைம்பெண்ணிடம் அப்போதே சொல்லியும் விட்டோம். பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு, 36. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம், ஒன்பது ஒன்பது.

நம்மிடம் ஓதி, இப்போது தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களைச் சரிபார்க்கும் இளைஞர் ஒருவர் அருகிலிருந்தார். "ஹஜ்ரத், நிலத்தைவிடப் பங்கு பெரிதாகிறதே!" என்றார்.

"எப்படித் தம்பி?"

"எட்டு, மூன்று, ஆறு, எல்லாம் 24இல் அடங்கும். பங்குகள் 3, 16, 4, 4. கூட்டினால் 27."

கூட்டிப் பார்த்தோம், அறுபதேமுக்கால் சென்ட்! கருவி பொய் சொல்லவில்லை. கேட்டவற்றுக்கெல்லாம் சரியாகவே விடை தந்தது. கேட்க வேண்டியதை நாம்தான் கேட்கவில்லை.

நமக்கு வியர்த்துவிட்டது. இது நாமே ஓதிக்கொடுத்த பாடமன்றோ! மிம்பரில் நின்ற ஹஸ்ரத் அலி (ரலி) அவர்களிடம் இதே வினா விடுக்கப்பட, மனைவியின் எட்டிலொன்று ஒன்பதிலொன்றாயிற்று என்று அக்கணமே விடையிறுத்தார்கள் என்பது மரபு. அதனாலேயே இக்கணக்கு 'மின்பரிய்யா' எனப் பெயர் பெற்றது. பங்குகள் முழுமையை மிஞ்சினால் எல்லோரும் விகிதப்படி குறைத்துக்கொள்வது 'அவ்ல்'. 24க்குப் பதில் 27ஆல் வகுக்க வேண்டும். 27இல் 3 என்பது ஒன்பதில் ஒன்று. ஆக, மனைவிக்கு 6, மக்களுக்கு 32, பெற்றோருக்கு எட்டு எட்டு, மொத்தம் 54.

ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதியை வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். தமிழ்த் திண்ணைப் பள்ளிகளிலோ 320இல் ஒரு கூறான முந்திரி வரை எண்சுவடியை மனனம் செய்வித்தனர். வேகத்தைக் காட்டிக்கொள்வதற்கன்று, பிறர் உரிமை நம் கையில் இருக்கும்போது பிழை கண்ணில் படுவதற்காக.

மறுநாள் அந்தப் பெண்மணியின் வீடு சென்று பிழையை ஒப்புக்கொண்டோம். "முக்கால் சென்ட் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

"அது நிலத்தில் இருந்ததில்லை அம்மா, எம் நாவில்தான் இருந்தது" என்றோம்.

இப்போது எம் மாணவர்க்கு நாள்தோறும் ஒரு கணக்கு வாய்மொழியாகத் தருகிறோம். பொது எண்ணைக் காண்க, பங்குகளைக் கூட்டுக, அதன் பின்னரே வாய் திறக்க. இவ்விதியை முதலில் கற்றுக்கொண்ட மாணவர் நாமே.