ஒரு ஜிடிஓவைக் கொடையாகக் கொடுப்பது

மிச்சிகனில் காரில் ரேடியோவைப் போட்டால் அந்த விளம்பரம் காதில் விழாமல் இருக்காது. உங்கள் பழைய காரை அறப்பணிக்குக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களே வந்து இழுத்துக்கொண்டு போகிறோம், வரிக்கழிவுக்கு ரசீதும் தருகிறோம் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். பொது வானொலி நிலையங்கள் பலவற்றுக்கு இப்படி வரும் கார்களால் உண்மையாகவே பணம் சேர்கிறது. இருபது வருஷம் உழைத்து ஓய்ந்த ஒரு கேம்ரிக்கு இதைவிடக் கௌரவமான முடிவு கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, 1966-ஆம் வருஷத்து பாண்டியாக் ஜிடிஓவை அந்த விளம்பரத்தில் சொல்லும் எண்ணுக்கு ஃபோன் செய்து கொடுத்துவிடலாமா என்று கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

கார் அவர் கணவருடையது. பாண்டியாக் நகரத்து ஆலையில் வேலை பார்த்தவர் அவர். தான் வேலை செய்த ஆலையின் காரைத் தன் சம்பளத்தில் வாங்கியதை வாழ்நாள் முழுக்கப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமை எனக்குப் புரிகிறது. நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி போட்டிருந்த காலத்தில் பிறந்தது ஜிடிஓ. பாண்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சக பொறியாளர்களும் பெரிய காருக்கான 389 கன அங்குல இஞ்சினை நடுத்தரக் காருக்குள் இறக்கினார்கள். தனி மாடல் என்று சொல்லாமல், கூடுதலாகச் சுமார் 296 டாலர் கட்டினால் கிடைக்கும் வசதி என்று சொல்லி 1964 மாடல் வருஷத்துக்கு அதை விற்பனைக்கு விட்டார்கள். 389 கன அங்குலம் என்றால் ஏறக்குறைய 6.4 லிட்டர், மாருதி 800-இன் இஞ்சினைப் போல எட்டு மடங்கு. 1966-இல் மட்டும் கிட்டத்தட்ட 97,000 ஜிடிஓ விற்றது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

அந்த இளைஞர்களுக்கு இப்போது எண்பது வயது. நடுத்தரக் காருக்குள் பெரிய இஞ்சினை வைத்த இந்த மாதிரி ‘மஸில் கார்’களின் காலம் பத்து வருஷம்கூட நீடிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியது, 1970-இல் காற்றுமாசுச் சட்டம் வந்தது, 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பாண்டியாக் என்ற பெயரே 2010-இல் மறைந்தது. கார்கள் மட்டும் டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள கராஜ்களில் நிற்கின்றன. பிள்ளைகள் வேறு மாநிலங்களில் இருக்கிறார்கள். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மூன்று கார்புரேட்டர், குளிர்காலத்தில் வெளியே எடுக்க முடியாது என்றால் அவர்கள் எப்படிப் பராமரிப்பார்கள்? அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை.

அந்த அம்மாவின் விருப்பம் தெளிவாக இருந்தது. கணவரின் கடைசி வாரங்களில் வீட்டுக்கே வந்து பார்த்துக்கொண்ட ஹாஸ்பிஸ் அமைப்புக்கு இந்தக் கார் பயன்பட வேண்டும். எப்படிப் பயன்பட வைப்பது என்பதுதான் கேள்வி.

இந்த விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் கொடுப்பவர் காருக்குத் தானே ஒரு மதிப்பு எழுதி வரிக்கழிவு கேட்கலாம். 2003-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 54 கார்க் கொடைகளை எடுத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்கில், கொடுத்தவர் எழுதிய மதிப்பில் ஐந்து சதவீதமோ அதற்கும் குறைவோதான் அறநிலையத்தின் கைக்குப் போயிருந்தது. அடுத்த வருஷமே சட்டம் மாறியது. 2005-லிருந்து, 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், அமைப்பு அந்தக் காரை என்ன விலைக்கு விற்றதோ அவ்வளவுதான் பொதுவாகக் கணக்கு. 1098-சி என்ற படிவத்தில் அந்தத் தொகையை அவர்கள் எழுதித் தரவேண்டும். இந்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொடுப்பவரும் பெறுபவரும் இப்போது ஒரே பக்கம் நிற்கிறார்கள். கார் நல்ல விலைக்குப் போனால்தான் இருவருக்கும் நல்லது. ஆனால் நடுவில் இருக்கும் இழுவை வண்டிக்காரருக்கும் ஏல ஏஜென்ட்டுக்கும் அந்த அக்கறை இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் பங்கு போக மீதிதான் ஹாஸ்பிஸுக்கு. மொத்தமாக வரும் பழைய கார்களோடு இதுவும் வரிசையில் நின்றால், அது என்ன கார் என்று அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?

ஆகவே முதலில் அது என்ன கார் என்று நிரூபிக்க உட்கார்ந்தோம். பாண்டியாக்கின் சாதாரண மாடல்களான டெம்பெஸ்டையும் லெமான்ஸையும் ஜிடிஓ மாதிரி ஜோடித்து விற்பவர்கள் உண்டு. 1966-இல் ஜிடிஓ தனி வரிசையானது. அந்த வருஷத்துக் காரின் எண் 242 என்று தொடங்கினால் அது அசல் ஜிடிஓ. தகட்டைத் துடைத்துப் பார்த்தோம், 242. கார் ஆலையை விட்டுப் போனபோது அதில் என்னென்ன இருந்தன என்பதற்கான பழைய பாண்டியாக் ஆவணங்களின் நகலைப் பணம் கட்டினால் அனுப்புகிறார்கள். மூன்று கார்புரேட்டரும் நான்கு கியரும் அதில் இருந்தன. அந்த ஒரு தாளால் காரின் விலை ஆயிரக்கணக்கில் கூடும். அந்த அம்மாவுக்கு விலையைவிட, கணவர் சொன்னதெல்லாம் எழுத்தில் இருப்பதுதான் சந்தோஷம்.

நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுத்துவிடலாமே என்றும் கேட்டுப் பார்த்தேன். முன்பின் தெரியாதவர்கள் கராஜில் நின்று கணவரின் காரைக் குறைசொல்லிப் பேரம் பேசுவதைத் தன்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை.

இந்தக் கார்களுக்கும் கொடைக்கும் இந்த ஊரில் நெருக்கம் உண்டு. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவை நிரப்பும் பழைய கார்களின் ஊர்வலமான ட்ரீம் குரூஸ், ஃபெர்ண்டேலில் ஒரு கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்டத்தான் 1995-இல் தொடங்கியது. 2020-இல் புதுவகை கார்வெட்டின் முதல் கார் ஏலத்தில் 30 லட்சம் டாலருக்குப் போய், டெட்ராய்ட் குழந்தைகளுக்கான நிதிக்குச் சேர்ந்தது. அந்தத் தொகையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சரியான கூட்டத்தின் முன்னால் நிறுத்தினால் இந்தக் காரை அடையாளம் கண்டுகொள்ள ஆள் இருக்கும்.

ஹாஸ்பிஸில் பேசிய பெண், வழக்கமாக எல்லாக் காரையும் ஒரே ஒப்பந்தக்காரரிடம்தான் விடுகிறோம் என்றார். ஆவணங்களைக் காட்டியதும் தங்கள் இயக்குநரைக் கேட்டுவிட்டு, பழைய கார்களை மட்டுமே விற்கும் ஏலத்துக்கு நேராக அனுப்புவதாக ஒப்புக்கொண்டார். காரின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் வாங்குபவர் இடத்தைக் காலியாக விடாமல் அமைப்பின் பெயரையே எழுதினோம். நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொண்டோம். வரும் பணத்தை இரவில் வீடுகளுக்குப் போகும் நர்ஸ்களுக்காகவே செலவிட வேண்டும் என்று அந்த அம்மா தனியாக ஒரு தாளில் எழுதினார். இயக்குநரும் அதில் கையெழுத்துப் போட்டார்.