மாமனார் ஊர்ப் பக்கம் ஒரு கடல்

லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தில் ஒரு நீளமான சுவர் நிறைய கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகளை மாட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே குழந்தைகளோடு இருப்பவர்கள் ஒரு தடவையாவது போயிருப்பீர்கள். டால்பின் மாதிரி நீண்ட மூக்கோடு இருக்குமே, அதுதான் இக்தியோசார். கிரேக்க மொழியில் 'மீன்பல்லி' என்று அர்த்தமாம். உண்மையில் மீனும் இல்லை, பல்லியும் இல்லை. காற்றை சுவாசித்து, கடலிலேயே குட்டி போட்ட பிராணி. லைம் ரீஜிஸ் கடற்கரையில் 1811ல் அண்ணன் அதன் தலையைக் கண்டுபிடிக்க, மறுவருடம் மிச்ச உடம்பைத் தேடி எடுத்த மேரி ஆனிங்குக்கு 12 வயதுதான் இருக்கும்.

என் பெண்ணுக்கும் அதே வயது. "உங்க ஊர்ல இதெல்லாம் கிடையாது இல்லப்பா?" என்றாள். கேள்வி இல்லைங்க, தீர்ப்பு! சுருக்கென்றது.

என் ஊர் கார்வேட்டிநகரம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சுற்றிலும் மலை. அந்த மலைகளில் தேடிப் பிரயோஜனமில்லை. பாறை 100 கோடி வருடத்துக்கும் மேல் பழசு, எலும்புள்ள பிராணியே உலகத்தில் தோன்றாத காலம். (பேங்க்காரனுக்குக் கோடி என்றால் ரூபாய்தான். வருடத்தில் எண்ணப் பழகக் கொஞ்ச நாள் ஆனது.)

ஆனால் திருச்சிக்கு வடக்கே, பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமம் சுமார் 10 கோடி வருடம் முன்பு கடலடி. திருச்சி ஜில்லாவில் கிடைத்த முதுகெலும்புத் துண்டுகளுக்கு 1879லேயே லைடெக்கர் என்ற ஆங்கிலேயர் 'இக்தியோசாரஸ் இண்டிகஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். காரைப் பகுதிக் களிமண்ணில் பல்லும் கிடைத்ததாக 2011ல் ஒரு குழு எழுதியது.

"துண்டு துண்டாதானா?" என்றாள்.

முழுசுக்கு குஜராத் போகணும். கட்ச்சில் லோடாய் என்ற கிராமத்தில் கிடைத்தது சுமார் 5.5 மீட்டர் நீளம், 15 கோடி வருடம் பழசு. 2017ல் அதை உலகத்துக்குச் சொன்னவர் டெல்லி பல்கலைக்கழகத்தின் குண்டுப்பள்ளி பிரசாத். காரை பற்றி எழுதிய குழுவிலும் இவர் உண்டு. குண்டுப்பள்ளி என்றாலே எங்கள் ஆந்திரா வாடை வீசுகிறது, எனக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

என் மாமனார் ஊர் லால்குடி. காரை அங்கிருந்து கிட்டத்தான். இத்தனை வருடமாக லீவுக்குப் போகிறோம், கோயில், கல்யாணம், துணிக்கடை, அவ்வளவுதான். இந்த டிசம்பரில் ஒரு நாள் காரைக்கும், சாத்தனூரில் படுத்திருக்கும் 18 மீட்டர் கல்மரத்துக்கும் என்று முடிவு. பார்ப்பதோடு சரி, எதையும் பொறுக்கி வரக்கூடாது என்று பெண்ணிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.

போனில் மாமனாரிடம் சொன்னேன். "அங்க என்ன இருக்கு மாப்ள, வெறும் பொட்டக்காடு" என்றார்.