தாஹான் மலைக்கு எந்தக் கூரை?

சுங்கை புரோங் பக்கத்தில் நமக்கு மலை என்றால் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்திதான். மற்றபடி கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் செம்பனையும் வாய்க்காலும். இந்தச் சமவெளியில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது குனோங் தாஹான் ஏறப் புறப்படுகிறார்கள். “சார், கூடாரம் வாங்கவா, மேலே கட்டும் விரிப்பு போதுமா?” என்று என்னிடம் கேட்கிறார்கள். நாளை உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழலாம்.

தாஹானின் உயரம் 2,187 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. பகாங்கின் கோல தாஹானிலிருந்து நடந்தால் போய் வர ஏழு நாள் போல் ஆகும். அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். அரிசி, சட்டி, உடுப்பு எல்லாம் முதுகில்தான். ஆகவே கூரையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோமா? மூன்றுக்கு நான்கு மீட்டர் விரிப்பு 12 சதுர மீட்டர். நால்வர் நெருங்கிப் படுக்கலாம். லாரி மூடும் கான்வாஸ் சதுர மீட்டருக்கு 400 கிராம் என்றால் 4.8 கிலோ. நீலப் பிளாஸ்டிக் தார்ப்பாய் 100 கிராம் என்றால் 1.2 கிலோ. சிலிக்கோன் பூசிய நைலான் 50 கிராம் என்றால் வெறும் 600 கிராம். ஆனால் விலை கடிக்கும். சம்பளக் கணக்கு பார்க்கும் குடும்பத்துக்கு என் யோசனை, தார்ப்பாயே போதும். மிச்சக் காசில் நல்ல மழைச்சட்டை வாங்குங்கள். மூடிய கூடாரம் கொசுவையும் அட்டையையும் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் நால்வருக்கு இரண்டு வேண்டும், அடிவாரக் காட்டுப் புழுக்கத்தில் உள்ளே வியர்த்துக் கொட்டும். கொசுவலை ஒன்று மடித்து எடுத்துக்கொண்டால் தீர்ந்தது.

அந்தக் காட்டில் வாழும் பாத்தேக் பூர்வகுடியினரின் மரபில் கூரையைச் சுமக்கும் வழக்கம் இல்லை. போகும் இடத்தில் ஓலை வெட்டிச் சாய்ப்புக் குடில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் பெண்களின் கைவேலை அது. தேசியப் பூங்காவில் நாம் ஓலை வெட்டக் கூடாது. ஆனால் அந்தச் சாய்ப்பு வடிவத்தைப் பின்பற்றலாம்: காற்று வரும் பக்கம் தாழ்வாக, மறுபக்கம் உயர்வாக.

இரண்டு மரங்களுக்கிடையே கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். விரிப்புக்குச் சற்று வெளியே, அந்தக் கயிற்றில் ஒரு துண்டு நூலைத் தொங்கவிடுங்கள். மரத்திலிருந்து கயிறு வழியே வரும் மழைநீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது. கட்டுமுன் அண்ணாந்து பாருங்கள். காற்றில் காய்ந்த கிளை விழுந்தால் என்னவாகும் என்று தோட்டத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆற்று மணல் மெத்தைபோல் இருக்கும், மயங்காதீர்கள். மேலே எங்கோ பெய்த மழைக்கு, இங்கே வானம் தெளிந்திருக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்.

உச்சியை நெருங்கும்போது பாடாங் என்ற திறந்தவெளி வரும். குட்டைச் செடிகள், பலத்த காற்று, குளிர். உயரமான மரத்தை நம்ப முடியாது. ஊன்றுகோலைத் தூணாக்கி விரிப்பை மிகத் தாழ்வாகக் கட்ட வேண்டும். அங்கே நனைந்தபடி தூங்குவது உயிருக்கே ஆபத்து. நடுங்கியவன் பேச்சுக் குழறினால் உடனே ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டுப் போர்த்திவிடுங்கள். அதற்காக ஓர் உடுப்பைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தனியே வையுங்கள். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் வீட்டு வாசலில் விரிப்பைக் கட்டி, நான்கு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.