தூணைக் காணோம்

வீட்டுல யாராவது கட்டட வரைபடம் போடற வேலையில இருந்தா இந்தப் புலம்பலைக் கேட்டிருப்பீங்க: "ஸ்கிரீன்ல நல்லாத்தான் இருந்துச்சு, பிரிண்ட்ல கெடுத்துட்டான்." பாவம், பிரிண்ட் கடைக்காரர் என்ன பண்ணுவார்? பல நேரம் அவர் கைக்குப் போகாத ஒரு குட்டி ஃபைல்தான் காரணம்.

ஆட்டோகேட்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு வரையறது அழகுக்காக இல்லை. பழைய பிளாட்டர்ல நிஜப் பேனாக்களை மாட்டி வச்சிருப்பாங்க. இந்தக் கலருக்கு இந்தப் பேனான்னு கணக்கு. பேனா போயிடுச்சு, கணக்கு மட்டும் நின்னுடுச்சு. ஆட்டோகேட் 2000-ல இருந்து அது சிடிபி ஃபைல்ல இருக்கு. 255 கலர், ஒவ்வொண்ணுக்கும் தடிமன் எவ்வளவு, கறுப்பா கலரா, எவ்வளவு மங்கல். ஆனா இந்த ஃபைல் வரைபடத்துக்குள்ள இருக்காது. அதோட பேரு மட்டும்தான் உள்ள இருக்கும்.

தாணேயில கோட்பந்தர் ரோடு பக்கம் ஒரு வேலை. ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் கிட்ட இருந்து படம் வந்துச்சு, சிடிபி வரலை. கடையில அப்படியே கலர்ல அடிச்சுக் குடுத்துட்டாங்க. தூணுக்கு அவங்க வச்சிருந்தது மஞ்சள். கறுப்பு ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியற மஞ்சள், வெயில்ல வெள்ளைத் தாள்ல ஒண்ணுமே இல்லை. மேஸ்திரி நம்ம திருநெல்வேலிக்காரர், தாராவியில முப்பது வருஷமா இருக்கார். தாளைத் தூக்கிப் பிடிச்சுக் கேட்டார்: "தம்பி, சுவரெல்லாம் இருக்கு, தூணை எங்க காணோம்?" கேட்டாரே, புண்ணியவான்! கேட்காம சுவரைப் பார்த்துக் குத்துமதிப்பா மார்க்கிங் போட்டு கான்கிரீட்டும் ஊத்தியிருந்தா, யார் தலையில விடிஞ்சிருக்கும்?

மோனோக்ரோம் சிடிபி போட்டா எல்லாம் கறுப்பாயிடுமேன்னு கேப்பீங்க. ஆகும். ஆனா அதுல தடிமனைப் படத்துல இருக்கறபடி விட்டிருக்கும். லேயர்ல தடிமன் குடுக்காத படம்னா தூணும் டைல்ஸ் கோடும் ஒரே மெலிசு. ட்ரூ கலர்ல வரைஞ்ச கோடோ எந்த சிடிபிக்கும் கட்டுப்படாது. அப்புறம் முனிசிபாலிட்டிக்குப் போற படம். புதுசா கட்டறது சிவப்பு, இடிக்கப் போறது மஞ்சள்னு தேசியக் கட்டட விதித்தொகுப்புலயே அட்டவணை போட்டிருக்காங்க. அங்க எல்லாத்தையும் கறுப்பாக்கினா கட்டறது எது, இடிக்கறது எது? அதனால என்கிட்ட ரெண்டு சிடிபி உண்டு. சைட்டுக்கு ஒண்ணு, சப்மிஷனுக்கு ஒண்ணு.

எந்த சிடிபியையும் டெஸ்ட் பண்ணாம நம்பறதில்லை. ஒரு ஏ4 தாள்ல ஏழு கலர்ல ஏழு கோடு, பக்கத்துல கலர் நம்பரும் தடிமனும். 0.18, 0.25, 0.35, 0.5 மில்லிமீட்டர்னு ஒவ்வொண்ணும் முந்தினதை விட சுமார் 1.4 மடங்கு. அதை விட நெருக்கமா வச்சா வித்தியாசம் கண்ணுல படாது. கீழ 50 சதவீத மங்கல்ல ஒரு ஹேட்ச். ஆபீஸ் பிரிண்டர்ல அடிச்சுப் பார்த்துப் பிரயோஜனமில்லை, அந்தக் கடை பிளாட்டர்லயே அடிக்கணும். அடிச்சதை ஜெராக்ஸும் எடுக்கணும், ஏன்னா சைட்டுல சுத்தறது ஜெராக்ஸ்தான்! எனக்கு 50 அதுல காணாமப் போச்சு, 70-ல நிறுத்தியிருக்கேன். ஏ1 லேஅவுட்டை ஏ3-ல அடிக்கறப்ப ஸ்கேல் லைன்வெயிட்ஸை டிக் பண்ணணும். இல்லைன்னா எழுத்து சுருங்கும், கோட்டுத் தடிமன் சுருங்காது, கம்பி விவரமெல்லாம் மை கொட்டின மாதிரி ஆயிடும்.

அனுப்பறப்ப ஈடிரான்ஸ்மிட் போட்டா படமும் சிடிபியும் ஒரே ஜிப்ல போயிடும். ஃபான்ட்டையும் டிக் பண்ணிக்கோங்க. கூடவே நான் ஒரு பிடிஎஃப் வச்சிடறேன், கடைக்காரர் ஆட்டோகேட்டையே திறக்க வேண்டாம்.