இரண்டு பணிப்பெண்கள்

கிண்ணியாவில் ‘பணிப்பெண்’ என்றால் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள் என்றே அர்த்தம். உயர்தரம் எழுதிய பிள்ளையொருத்தி, “மிஸ், நான் விமானப் பணிப்பெண்ணாகப் போறன்” என்றாள்.

சார்ஜாவில் எட்டு வருடம் உழைத்த அவளது உம்மா முகஞ்சுழித்தார். “அங்கயும் சாப்பாடு குடுத்து, குப்பை பொறுக்கிறதுதானே?”

உண்மைதான். 2003இல் அதே சார்ஜாவில் ஆரம்பித்த எயார் அரேபியா போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் உணவு விற்பவர்களும் இவர்களே. தரையிறங்கியதும் ஆசனங்களுக்கிடையே துப்புரவு செய்யும் வேலையும் பல நிறுவனங்களில் இவர்களுக்குத்தான். ஆனால் ஆபத்து வேளையில் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்றப் பயிற்றப்பட்டவர்களும் இவர்களே. சமூகவியல் படித்த நானே இதைப் பிந்தித்தான் அறிந்தேன்.

எல்லாம் கேட்ட உம்மா ஒன்றே கேட்டார்:

“பாஸ்போட் ஆர்ர கையில இருக்கும்?”

“அவள்ட கையிலதான், ராத்தா.”

சற்று மௌனம். பிறகு படிவத்தை என்னிடம் நீட்டினார். உயரம் எழுதும் இடம் வெறுமையாகக் கிடந்தது. மகளைச் சுவரோடு நிறுத்தி, தையல் நாடாவால் தானே அளந்தார்.