பன்னிரண்டு கோடுகள்

எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் வெள்ளைக் காருக்குப் புகைக்குழாய் கிடையாது. சின்னப் பிள்ளைகள் குனிந்து பார்த்துவிட்டு, "புகை எங்கால வருது?" என்று கேட்பார்கள். நுரைச்சோலையால் வருகிறது என்று சொல்ல எனக்கு வாய் துடிக்கும். இரவில் நாங்கள் காரை மின்னேற்றும்போது அந்த நிலக்கரியும் எரிகிறதுதானே. ஆனால் இந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது புகைக்குப் பயந்தல்ல.

உம்மும்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் கண்டி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மாவனல்லையிலிருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இடையில் கடுகண்ணாவை ஏற்றம். 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ஆனது. விலையைக் கூடக் கடன்பட்டாவது கொடுக்கலாம். சாமான் இல்லையே! தனியார் வாகனங்களுக்கு அடிக்க மாட்டோம் என்றே அறிவித்தார்கள். வாப்பா பெற்றோல் செட் வரிசையில் இரண்டு இரவு வானுக்குள்ளேயே படுத்தார். ஓட்டோவும் கிடைக்காமல் ஒரு திங்கட்கிழமை முறை தவறிப்போனது. செவ்வாய் இரவு உம்மும்மாவின் கால்கள் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. கதிரையில் உட்கார்ந்தபடியே சுபஹு வரை அவர் இருந்ததை, பக்கத்தில் விசிறியபடி நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கியூஆர் முறை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கிய பிறகும் வாப்பாவின் மனது ஆறவில்லை. "கரண்ட் கார் ஒன்னு எடுப்பம்" என்றார்.

"கரண்டும்தான் வெட்டுறாங்க" என்றார் உம்மா. அதுவும் சரிதான். அந்த மார்ச் மாத முடிவில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியிருந்தார்கள்.

"வெட்டின கரண்ட் திரும்பி வரும். பெற்றோல் கப்பல் வருமா?"

உம்மா மேற்கொண்டு பேசவில்லை. அடுத்த கிழமை தன் காப்புகளைக் கழற்றிக் கொடுத்தார்.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்ததால் பழைய காரெல்லாம் தங்க விலை. வரி குறைவாக இருந்த 2015 அளவில் ஜப்பானில் பாவித்த நிசான் லீஃப்கள் நிறைய வந்திறங்கின. அப்படி வந்த 2013ஆம் ஆண்டு மாடல் ஒன்றைத்தான் வாப்பா வாங்கினார். மீற்றரின் ஓரத்தில் பன்னிரண்டு சிறு கோடுகள் இருக்கும். பற்றரி தேயத் தேய அவை ஒவ்வொன்றாக மறையும். விற்றவர் பதினொரு கோடுகளை விரலால் தொட்டு எண்ணிக் காட்டினார். வாப்பாவும் எண்ணினார். நானும் எண்ணினேன்.

ஒக்டோபரில் ஒருநாள் இரவு மின்வெட்டால் கார் முழுதாக ஏறவில்லை. நூற்றுக்கு எழுபது காட்டியது. போதும் என்று விடியவே புறப்பட்டோம். கனேதென்னை தாண்டி ஏறத் தொடங்கியதும் இலக்கம் மளமளவென்று விழுந்தது. பிறகு மீற்றரில் ஒரு ஆமைப் படம் எரிந்தது. பற்றரி முடியப்போகிறது, இனி மெதுவாகத்தான் போவேன் என்று கார் சொல்லும் விதம் அது. அந்த ஆமையும் இருநூறு யார் போகவில்லை. பின்னால் பஸ்கள் ஹோன் அடிக்க, வாப்பா இறங்கி வீதியோரம் தலையில் கைவைத்து நின்றார். மரக்கறி லொறி ஒன்று உம்மும்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டது. அன்று முறை தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு ஒரு தம்பி, ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டைவிரல் அளவான கருவியொன்றைச் செருகி, போனில் பார்த்துச் சொன்னார்: பற்றரியின் பலம் நூற்றுக்கு 58. அப்படியென்றால் ஏழு கோடுகள்தான் இருக்க வேண்டும். யாரோ கம்பியூட்டரின் ஞாபகத்தை அழித்து, புதுப் பற்றரி என்று அதை நம்பவைத்திருக்கிறார்கள். ஓட ஓட உண்மை வெளிவருமாம். வந்தது, மூன்று மாதத்துக்குள் கோடுகள் ஏழானது. விற்றவரின் போன் அப்போது வேலை செய்யவில்லை.

பழைய பெற்றோல் கார் வாங்குவதென்றால் வாப்பாவுக்கு எல்லாம் தெரியும். புகையின் நிறத்தைப் பார்ப்பார், சத்தத்தைக் கேட்பார், ஒயில் கோலை இழுத்து விரலில் தேய்ப்பார். அந்த அறிவு எதுவும் இங்கே செல்லுபடியாகவில்லை. சத்தமே போடாத பொருளின் நோயை எப்படிக் கேட்பது? பெயர் மாற்றும்போது காரின் புத்தகத்தோடு பற்றரியைப் பரிசோதித்த கடதாசியொன்றும் கட்டாயம் என்று வைத்தால் என்ன? 2025 பெப்ரவரியில் இறக்குமதியைத் திறந்ததும் புதிய மின்சாரக் கார்கள் விளம்பரங்களில் பளபளக்கின்றன. அவற்றையும் ஒருநாள் யாரோ இரண்டாம் கையாக, காப்புகளை விற்று வாங்குவார்கள்.

பற்றரியை மாற்ற இன்னும் காசு சேரவில்லை. காரை விற்கலாம், பதினொரு கோடாக்கி விற்கவும் ஆள் இருக்கிறதாம். வாப்பா அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிங்கள அம்மா தன் வீட்டு பிளக்கைத் தருகிறார். உம்மும்மாவின் இரத்தம் சுத்தமாகும் நான்கு மணித்தியாலமும் கார் அங்கே கரண்ட் குடிக்கும். எத்தனை யுனிட் என்று ஒரு கொப்பியில் எழுதி, மாதக் கடைசியில் காசு கொடுக்கிறோம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கரண்ட் கட்டணம் கூடியபோது, நாங்கள் கேட்காமலே கணக்கைக் கூட்டி வைத்தார் வாப்பா. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பழைய கணக்குக்கு மாற்றினார்.

திரும்பி வரும்போதுதான் உம்மும்மாவுக்குச் சந்தோஷம். கடுகண்ணாவையில் குடைந்த கல்லைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும், வாப்பா பெடலிலிருந்து காலை எடுப்பார். சில்லுகள் மோட்டரைச் சுற்ற, மோட்டர் கரண்டைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்பும். ஏறும்போது தின்றதில் கொஞ்சம் இறங்கும்போது கிடைக்கும். களைத்துப்போய்ப் பின் சீற்றில் கண்மூடிச் சாய்ந்திருப்பவர், வளைவுகளை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

"ஏறிச்சா மகள்?"

"மூணு ஏறிச்சு உம்மும்மா."

"போன முறை நாலெல்லோ" என்பார், கண்ணைத் திறக்காமலே.