செல்வத்துக்கு அக்கா எழுதுவது

விழுப்புரம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி செல்வத்துக்கு,

போனில் பிடித்தால் பாதிப் பேச்சிலேயே, "சூப்பர்வைசர் வந்துட்டாருக்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம். நீ படிக்காமல் மடித்து வைத்தாலும் மீனா படித்துச் சொல்லிவிடுவாள்.

அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்ப வரவில்லை. காலையில் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். உன் கோழி எப்போது லோடு ஏறும் என்று தினமும் என்னைக் கேட்கிறார், என்னவோ நான்தான் பண்ணை வைத்திருப்பதுபோல. எனக்குத்தான் அவருடைய கல்ச்சர் ரிப்போர்ட் மனதை விட்டுப் போகவில்லை. சிறுநீரில் ஈ.கோலை. மருந்துப் பெயர்களுக்கு எதிரே ஆர், ஆர் என்று வரிசையாக இறங்கியிருந்ததே, பார்த்தாயா? அந்த மருந்தெல்லாம் அந்தக் கிருமியிடம் எடுபடாது என்று அர்த்தம். மாத்திரையில் போகவேண்டிய காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்து ஊசி போட வேண்டியதாயிற்று.

உன் ஷெட்டிலிருந்துதான் அது வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் போனமுறை திண்டிவனம் வந்தபோது, குஞ்சு இறக்கிய மறுநாளே டேங்கில் நீ மருந்து ஊற்றியதைப் பார்த்தேன். ஒரு குஞ்சுகூடச் சுணங்கி நிற்கவில்லை. கேட்டதற்கு, "முன்னெச்சரிக்கைக்கா" என்றாய். உன் மாமியார் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தாய்.

நான் கோழிக்கறி வாங்கி வீணடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாமே. என்ன செய்கிறேன் என்று கேள். லேபில், கடையில் வாங்கிய கறியிலிருந்து கிருமியைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் பூசி, மேலே மருந்து தோய்த்த சின்னச் சின்ன வில்லைகளை வைப்பேன். ஒரு ராத்திரி விட்டால், மருந்து வேலை செய்கிற வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் தெளிவாகத் தெரியும். வேலை செய்யாவிட்டால் வில்லையின் ஓரம்வரை கிருமி படர்ந்திருக்கும். வட்டமே இல்லாத தட்டைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

நீ ஊற்றுகிற மருந்தில் தாங்காத கிருமி செத்துப்போகும். தாங்கியது இடம் முழுக்கப் பெருகும். அதோடு நிற்காது. பரீட்சை ஹாலில் நீ பிட் கைமாற்றினாயே, அந்த மாதிரி, மருந்தைத் தாங்கும் வித்தையைப் பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும். அது வேறு ஜாதிக் கிருமியாக இருந்தாலும் சரி. உன் ஷெட் எருவைத்தான் தர்பூசணிக் கொல்லைக்காரர்கள் வாங்கிப் போகிறார்கள். கறியே தொடாதவர் வீட்டுக்கும் அந்தக் கிருமி போக வழி இருக்கிறது.

கொலிஸ்டின் கதையைக் கேள். மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ.வில் டாக்டர்கள் கடைசியாக எடுக்கிற மருந்து அது. அதைக் கோழியின் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம். 2015-இல் சீனாவில் பன்றியிலும் கறியிலும் நோயாளிகளிடமும், அந்த மருந்தைத் தாங்கவைக்கும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். கிருமிக்குக் கிருமி கைமாறக்கூடியது அது. பிறகு சென்னை டாக்டர் அப்துல் கஃபூர், வேலூர் சி.எம்.சி.யின் பாலாஜி வீரராகவன் முதலானவர்கள் நம் நாட்டு உணவு மாதிரிகளைச் சோதித்தார்கள். கொலிஸ்டினுக்கு அடங்காத கிருமி இங்கேயும் இருந்தது. 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் கோழி, மீன், கால்நடைகளுக்கு அந்த மருந்தை மத்திய அரசு தடை செய்தது. உன் அலமாரியில் பழைய பாட்டில் ஏதாவது கிடந்தால் லேபிளைப் படித்துப் பார்.

கோழி செத்தால் வளர்ப்புக் கூலி குறையும், கம்பெனி உன்னைத்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும்டா. நோய் வந்த கோழிக்கு மருந்தே கொடுக்காதே என்று சொல்வேனா? கால்நடை டாக்டர் பார்த்துச் சொன்னால், சொன்ன அளவு, சொன்ன நாள் கொடு. கொடுத்து முடித்தபின் அவர் சொல்கிற நாள் கழியாமல் லோடு ஏற்றாதே. மற்றபடி தண்ணீரில் குளோரின் போடு, படுக்கை ஈரமாகாமல் கிளறிவிடு, வாசலில் கால் நனைக்கக் கிருமிநாசினித் தொட்டி வை. ஒரு பேட்ச் போனதும் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துக் காயவிடு. சூப்பர்வைசர் மருந்து கொடுத்தால், "எந்த நோய்க்கு?" என்று ஒரு வார்த்தை கேள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று நீயே நினைத்துக்கொள்கிறாய்.

மீனாவுக்கு: கறியைக் குழாயடியில் வைத்துக் கழுவாதே, தெறிக்கிற தண்ணீரில் கிருமி மேடையெல்லாம் பரவும். நன்றாக வெந்தால் மருந்துக்கு அடங்காத கிருமியும் செத்துவிடும். கறி வெட்டிய கத்தியில் வெங்காயம் அரியாதே.

பாப்பாவுக்குத் தொண்டை வலி என்றால், கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கிற பழக்கத்தையும் விடு. அவளுக்கு நிஜமாகவே வேண்டிய நாளில் அந்த மருந்து வேலை செய்யவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த பேட்ச் குஞ்சு இறங்கும்போது வருகிறேன். டேங்கைத் திறந்து பார்ப்பேன்.

அன்புடன்,
அக்கா